எலும்பு மரம்

மரம் சட்டியோடு தண்ணீருக்குள் இருந்தபோதுதான் கதிர்வேல் கூப்பிட்டார்.

“தமிழு.”

தமிழ்ச்செல்வி பின்வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நீலச் சட்டியின் விளிம்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மண்ணுக்குள்ளிருந்து குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அவை நிற்கும்வரை சட்டியை எடுக்கக் கூடாது. பாதியில் எடுத்தால் மேல்மண் மட்டும் நனைந்து அடிவேர் காய்ந்தே கிடக்கும்.

“வாரனுங்க. மரம் தண்ணில இருக்குது” என்றாள்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாததால் அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டாள். போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்ததிலிருந்து பகல் முழுக்கக் கூடத்துக் கட்டிலில்தான் இருந்தார். தண்ணி கொண்டா, ஜன்னலைச் சாத்து, போன் அடிக்குது பாரு என்று எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

குமிழிகள் நின்றன. சட்டியைத் தூக்கிச் சாய்த்துத் தண்ணீர் வடியவிட்டாள். பழைய புடவைத் துணியால் அடியைத் துடைத்தாள். இரண்டு கைகளாலும் ஏந்திக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கிழக்கு ஜன்னலோரத்து முக்காலியில் கூழாங்கல் பரப்பிய தட்டின்மேல் வைத்தாள். ஒரு முழத்துக்கும் குறைவான மரம். அடித்தண்டு மட்டும் பெரிய மரம் போலவே முறுக்கிக்கொண்டு நின்றது. நகத்தளவு இலைகள். வாரத்துக்கு ஒருதரம் திருப்பி வைக்காவிட்டால் வெளிச்சம் பார்த்த பக்கமே கிளை சாய்ந்துவிடும். கால்வட்டம் திருப்பினாள். பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

கதிர்வேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் அவள் இருந்த பக்கமாகத்தான் பார்த்தன.

“என்னத்துக்குங்க கூப்பிட்டீங்க?” என்று கேட்டாள்.

மாடியிலிருந்து மகன் நவநீதன் ஓடிவந்தான். பின்னாலேயே மருமகள் ஸ்ரீதேவி வந்தாள். அடுத்த தெரு டாக்டர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார், நவநீதனின் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான். மோகனூர் ரோட்டில் காலைப் பள்ளிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

கதிர்வேலின் அக்கா பூவாத்தாள் பரமத்தியிலிருந்து வந்து சேர்வதற்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. கட்டிலை வெளியே எடுத்தார்கள். பெட்டியைத் தெற்கு வடக்காகப் போட வேண்டும், ஜன்னலோரம்தான் இடம் இருந்தது.

“அந்தச் செடிய அக்கட்டால எடுத்து வைங்கப்பா” என்று யாரோ சொன்னார்.

“அதத் தொடாதீங்க” என்றாள் தமிழ்ச்செல்வி. அதுவரை அழுகை வராமல் உட்கார்ந்திருந்தவளின் குரல் அவ்வளவு உரக்க வந்ததில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூவாத்தாள்தான் சமாளித்தாள். “அது இருக்கட்டுஞ்சாமி. பொட்டிய இந்தப் பக்கமா நகத்திப் போடுங்க.” சொல்லிவிட்டு ஸ்ரீதேவியை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்ரீதேவி தலையைக் குனிந்துகொண்டாள். துக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளையின் பிடிவாதம், விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தமிழ்ச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

அந்த மரத்தைக் கொண்டுவந்தவள் மகள் தனப்பிரியா. பெங்களூரில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த வருடம், பொங்கல் லீவுக்கு வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

“இது எல்ம்னு ஒரு வெளிநாட்டு மரம்மா. போன்சாய். மரந்தான், ஆனா சட்டியிலயே இருக்கும்.”

“என்னடி பேரு, எலும்பு மரமா?”

அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அது எலும்பு மரம். தனா தண்டில் செப்புக் கம்பி சுற்றியிருந்தாள், வளைவு நிற்பதற்காக. கம்பியைக் கழற்றியபோது பட்டையில் அச்சு விழுந்திருந்தது. கொஞ்சம் தாமதமாகக் கழற்றிவிட்டோம் என்று வருத்தப்பட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது, “ரூம்ல வெளிச்சமே வர்றதில்லம்மா. நீ பாத்துக்க. சாவ விட்டுராத” என்றாள்.

அந்த ஆவணியில் டெங்கு வந்து, ஒரு வாரத்துக்குள், தனாவே போய்விட்டாள்.

வீட்டில் எல்லாரும் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குப் போனார்கள். தமிழ்ச்செல்விக்கு மரம் இருந்தது. போனில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர். செங்கல்லைப் பொடித்துச் சலித்து, ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த மண். துளிர் நான்கு இலை விட்டால் இரண்டாகக் கிள்ள வேண்டும். ஏசி காற்று ஆகாது என்பதால் நாமக்கல் சித்திரை வெயிலிலும் கூடத்தில் ஏசி ஓடாது. கல்யாணம் காட்சிக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாள். யாரும் இல்லாத நேரத்தில் அதனுடன் பேசுவாள். தண்டில் கம்பி பதிந்த அச்சைக் கீழிருந்து மேலாக ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே பேசுவாள். தனாவின் கை பட்ட இடம் அது.

கதிர்வேல் மட்டும் அதன் பக்கத்திலேயே வந்ததில்லை. தொட்டதில்லை. சாப்பிடும்போதுகூட ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டாள்.

“பெத்த புள்ள போயிருக்குது. ஒரு நாளாச்சும் அதும் பக்கத்துல வந்து நின்னிருக்கறீங்களா? உங்களுக்குக் கல்லு மனசு.”

 சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடை என்பது சேலம் ரோட்டில் அவரும் குருமூர்த்தியும் கூட்டாக நடத்திய லாரி பாடி கட்டும் பட்டறை.

கதிர்வேல் அவள் மனம் குளிரப் பேசியது ஒரே ஒரு தடவைதான். ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. அப்புறம் ராசிபுரத்தில் தங்கை வீட்டில் தங்கினாள். மரத்தைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையெல்லாம் அவருக்கு ஒப்பித்துவிட்டுத்தான் போனாள். ஒரு மாதத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும், கதிர்வேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, “இன்னுங் கொஞ்ச நாளு இரு. அங்க வந்தா நீ சும்மா இருக்க மாட்ட” என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று மாதம் ஓடிவிட்டது. “மாமனுக்கு உம்மேல இத்தன பாசம்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்று தங்கை கேலி செய்தாள். வீட்டுக்குத் திரும்பிய அன்று மரத்தில் பாதி இலைகளைக் காணவில்லை. கணுக்களில் புதுத்துளிர் ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. மண் செம்மண்ணாக இருந்தது. பழைய மண் கெட்டுவிட்டது, மாற்றினேன் என்றார். அவள் பதறியபோது பின்னால் வந்து நின்று சொன்னார்.

“உன்னக் காணாம எலையக் கொட்டிப்போட்டுது தமிழு. இனி வந்துரும்.”

முப்பது வருட வாழ்க்கையில் அவர் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள் வைத்துக்கொண்டாள். அவர் எரிந்து விழுந்த நாட்களிலும், பேசாமலே கழித்த நாட்களிலும் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

மதியம் உறம்பரையும் சொந்தபந்தமும் வந்து நிறைந்த பிறகு குருமூர்த்தி மறுபடி வந்தார். காலையிலேயே வந்து பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டுப் போனவர்தான். இப்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது, பிரேக் ஷூ வரும் பெட்டி. உடம்புக்கு அருகில் வராமல் நேரே மாடிப்படிக்குக் கீழே போய் நவநீதனைக் கையசைத்துக் கூப்பிட்டார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். நவநீதன் பெட்டியை வாங்கிப் படிக்கடியில் செருப்புகளுக்குப் பின்னால் தள்ளினான்.

“தூக்கறப்பப் பாத்துக்கலாங்க மாமா. அம்மா கண்ணுல பட்டா அவ்வளவுதான்.”

கூட்டத்தின் பேச்சு ஒரு கணம் அடங்கிய இடைவெளியில் அந்த வார்த்தைகள் தமிழ்ச்செல்வியின் காதில் விழுந்தன. எழுந்தாள். கொல்லைக்குப் போகிறாள் என்று நினைத்து பூவாத்தாளும் கூடவே எழுந்தாள். தமிழ்ச்செல்வி படிக்கட்டுக்குப் போனாள்.

“என்னங்கண்ணா அது?”

“ஒண்ணுமில்ல அம்மிணி. கதிரு கடையில சாமி மாடத்துல வெச்சிருந்தது. நீ போயி உக்காரு.”

“குடுங்க.”

குருமூர்த்தி நவநீதனைப் பார்த்தார். தமிழ்ச்செல்வி குனிந்து தானே பெட்டியை எடுத்தாள். கனமே இல்லை. மூடியைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைத் துணியின்மேல் ஒரு காய்ந்த தண்டு கிடந்தது. கையளவு நீளம். கிளைகள் குட்டையாக நறுக்கப்பட்டிருந்தன. எண்ணெய் தடவித் தடவி வழவழப்பாகிவிட்ட மரம். நடுவில் குங்குமப் பொட்டு, அதன்மேல் எப்போதோ வைத்துச் சருகாகிவிட்ட அரளிப்பூ. அடியில் முறுக்கி, இடுப்பில் ஒடுங்கி, மேலே மறுபக்கம் திரும்பும் அந்த வளைவு. கண்ணை மூடிக்கொண்டும் அவளால் வரைந்துவிட முடியும்.

கதிர்வேலுக்கு மரவேலை கைவந்த கலை. லாரி பாடிக்கு இரும்பு வருவதற்கு முன்னால் கோங்கிலும் வேம்பிலும் பலகை அடித்துப் பழகியவர்.  பக்கத்திலேயே வராத மனிதன், யாருக்கும் தெரியாமல் அதே போல ஒன்றைச் செதுக்கிக் கடையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். கல்லு மனசு என்று சொன்னேனே.

“இத அவரு செஞ்சதுங்களாண்ணா?” அவளுக்கு அன்று முதல்முறையாகக் கண்ணீர் வந்தது.

 குருமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். நவநீதன் அவள் தோளைப் பிடித்தான்.

“அம்மா, உள்ள போயிப் பேசலாங்க.”

“என்னத்தப் பேசறது?”

“அது செஞ்சதில்லீங்கம்மா.” அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அதுதான் தனா கொண்டாந்தது.”

தமிழ்ச்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்கு அந்தப்பக்கம் மரம் பச்சையாக நின்றது. கையிலிருந்ததைப் பார்த்தாள்.

பூவாத்தாள் மூன்று பேரையும் உள்ளறைக்குள் தள்ளிக்கொண்டுபோய், பின்னாலேயே ஸ்ரீதேவியும் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். குருமூர்த்திதான் சொன்னார். அவள் சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மரத்துக்கு வெயில் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கதிர்வேல் அதை மொட்டைமாடியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மறந்துபோனார். பங்குனி வெயில். நான்கைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது இலையெல்லாம் கருகி நொறுங்கியது. தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தார். நிழலில் வைத்துப் பார்த்தார். துளிர்க்கவில்லை.

“பட்டறையில வெச்சுக்கிட்டுச் சின்னப்புள்ளையாட்டம் அழுதான் அம்மிணி. அவளுக்கு நான் என்ன பதிலச் சொல்லுவேன், கேட்டாள்னா அவளும் போயிருவாள்னு. பொறவு நானும் அவனும் ஓசூரு, பெங்களூரு, ஊட்டின்னு நர்சரி நர்சரியாத் தேடுனோம். நவநீதந்தான் வண்டி ஓட்டுனான். கடைசியா ஓசூருல ஒண்ணு கெடச்சுது. அச்சு அசலு அதே வளவு. அந்தச் சட்டியிலயே மாத்தி வெச்சான்.”

“கம்பி அச்சு?” என்று கேட்டாள்.

குருமூர்த்தி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

“தண்டுல அச்சு இருக்குதுங்களே. அது எப்பிடி வந்துச்சு?”

“அவந்தான் சுத்துனான். நம்ம பட்டறையில வயரிங் வேலைக்கு வந்த செப்புக் கம்பி. இறுக்கிச் சுத்தி, அச்சு விழுகட்டும்னு விட்டு வெச்சான். அதுக்கு நாளாச்சுது. அதனாலதான் உன்ன ராசிபுரத்துலயே இருக்கச் சொன்னது.”

தமிழ்ச்செல்வி காய்ந்த தண்டைக் கையில் எடுத்தாள். எண்ணெய்க்கும் குங்குமத்துக்கும் அடியில் அச்சு இருந்தது. ஆள்காட்டி விரலை வைத்தாள். பழக்கப்படி விரல் கீழிருந்து வலப்பக்கமாக ஏறியது. அச்சு அங்கே இல்லை. அது இடப்பக்கமாக ஏறியது.

தனாவுக்கு இடதுகைப் பழக்கம். கோலம் போட்டாலும் கம்பி சுற்றினாலும் எல்லாம் எதிர்ப்பக்கமாகத்தான் போகும். கதிர்வேல் வலதுகைக்காரர். வலதுகையால் சுற்றியிருக்கிறார். ஆறு வருடமாகத் தினம் தினம் அவள் விரல் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. ஒருநாள்கூட அதற்குத் தெரியவில்லை.

“இது யாராருக்குத் தெரியும்?”

 கதவோரம் நின்ற ஸ்ரீதேவி அழ ஆரம்பித்தாள். “கண்ணாலமாகி வந்தப்பவே இவரு சொல்லிட்டாருங்கத்தை. நீங்க அதுகிட்டப் பேசறத நான் தெரியாம ஏதாச்சும் சிரிச்சுருவேன்னு…”

“நங்கையா, உங்களுக்கு?” என்று நாத்தனாரிடம் திரும்பினாள்.

பூவாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். “உன்ற நல்லதுக்குத்தாஞ்சாமி. அவன் என்ற தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான்.”

காலையில் பூவாத்தாள் ஸ்ரீதேவியைப் பார்த்த அந்தப் பார்வையின் பொருள் இப்போது புரிந்தது. பேரன் இலையைப் பிய்த்தான் என்று அவன் முதுகில் வைத்த அறை, ஏசி போட்டதற்காக நாத்தனார் மகனோடு போட்ட சண்டை, தனாவின் பிறந்தநாள்தோறும் அதற்கு வைத்த கேசரி. எல்லாவற்றையும் இவர்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தெரிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். கேசரியை வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

உன்னக் காணாம எலையக் கொட்டிப்போட்டுது தமிழு.

ஓசூரிலிருந்து வண்டியில் வந்த மரம் இடம் மாறியதில் இலை கொட்டியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருக்கிறார்.

“இத என்ன பண்றதுக்குங்கண்ணா இப்பக் கொண்டாந்தீங்க?”

“போன ஐப்பசியில ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எங்கையப் புடிச்சுச் சொன்னான் அம்மிணி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அத எங்கூட வெச்சுரு குருமூர்த்தி. தமிழுக்குத்தான் அங்க ஒண்ணு இருக்குதே, எனக்கு இது இருக்கட்டும்னு.”

தமிழ்ச்செல்வி தண்டைக் கையில் திருப்பினாள்.

“எனக்கு ஒண்ணு இருக்குதுன்னா சொன்னாரு?”

தண்டைப் பெட்டியில் போட்டு அந்த அறையிலிருந்த கட்டிலின்மேல் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஜன்னலுக்குப் போனாள். காலையில் நனைந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. இடதுகையால் சட்டியை அழுத்திப் பிடித்து, வலதுகையால் தண்டின் அடியைப் பற்றி இழுத்தாள். முதலில் வரவில்லை. ஆட்டி இழுத்ததும் வேர்க்கட்டு முழுதாக, சட்டியின் வடிவத்திலேயே வெளியே வந்தது. மண் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் சிதறியது. கண்ணாடிக்கு உள்ளே கதிர்வேலின் முகம் நெற்றிக்காசோடு மேலே பார்த்தபடி கிடந்தது.

“அம்மா, என்ன பண்றீங்க!” நவநீதன் ஓடிவந்தான்.

மரத்தை அவன் கையில் கொடுத்தாள்.

“இத உங்கப்பங்கூட வெச்சு அனுப்பு. அவரு வாங்குனது.”

“ஏஞ்சாமி, உசுரோட இருக்கறதக் கொண்டுபோயி…” பூவாத்தாள் வாயில் சேலைத் தலைப்பைப் பொத்திக்கொண்டாள்.

“எங்கிட்டச் சொல்றதுக்கு உங்க அத்தன பேருக்கும் இத்தன வருசம் இருந்துச்சு நங்கையா. அப்பவெல்லாம் பேசுல. இப்பவும் பேசாதீங்க.”

சட்டியைக் கவிழ்த்து மிச்ச மண்ணைத் தட்டினாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

வெயில் தாழ எடுத்தார்கள். நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்தினார்கள். சங்கு ஊதியது. தமிழ்ச்செல்வியைக் கூட்டிவந்து வாய்க்கரிசி போட வைத்தார்கள். சொன்னதையெல்லாம் செய்தாள். அழவில்லை. வண்டியில் ஏற்றும்போது கதிர்வேலின் கால்மாட்டில் மாலைகளுக்கு நடுவே மரம் இருந்தது. வேரைச் சுற்றி நவநீதன் ஒரு சாக்குத் துணியைக் கட்டியிருந்தான். வண்டி கிளம்பும் குலுக்கலில் இலைகள் நடுங்கின. எதிர்வீட்டு அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம், “மரம் வெச்சனுப்பறது எந்த ஊரு மொறைங்க?” என்று கேட்டது காதில் விழுந்தது.

ஆண்கள் போன பிறகு கூடத்தைக் கழுவிவிட்டார்கள். தமிழ்ச்செல்வி உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். சட்டியும் காய்ந்த தண்டும் கட்டிலின்மேல் இருந்தன. தண்டைச் சட்டியில் நிறுத்திப் பார்த்தாள். நிற்காமல் சாய்ந்தது. அதற்குப் பொட்டு வைத்தவர் அவர். பூ வைத்தவர் அவர். அதனோடு அவர் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. தனாவின் மரம் பச்சையாக இருந்தபோது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எந்தக் கிளையில் முதலில் துளிர்க்கும், எந்தப் பக்க இலை சிறுத்திருக்கும். நினைவில் வந்ததெல்லாம் ஓசூர் மரமாகவே இருந்தது. மகளின் மரத்தின் ஒரு இலைகூட அவளிடம் மிச்சமில்லை.

அந்த மரத்துக்காகத்தான் காலையில் அவரைக் காக்க வைத்தாள். கட்டிலில் இருந்தபடி அவர் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அவள் சட்டியை ஏந்தி வந்ததை, துடைத்ததை, திருப்பியதை. இல்லை, அதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருக்கும். எதற்குக் கூப்பிட்டார்? வலிக்குதென்று சொல்லவா? தண்ணீருக்கா? அல்லது, விடு தமிழு, அது அது இல்லை என்று சொல்லவா? அப்படிச் சொல்ல அவருக்கு எத்தனையோ காலைகள் இருந்தன. ஒவ்வொரு காலையிலும் அவர் ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இட்லி தின்றார்.

“பாவி” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கூடத்தில் ஈரத்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அவள் அழத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்து ஓடிவந்தார்கள். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள்.

தண்டைச் சட்டிக்குள் படுக்க வைத்து, இரண்டையும் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

பொழுது இறங்கும் முன்பே ஆண்கள் திரும்பிவிட்டார்கள். பின்வாசல் குழாயடியில் வரிசையாகக் கால் கழுவும் சத்தம் கேட்டது. சிலர் தலைக்கே ஊற்றிக்கொண்டார்கள். ஸ்ரீதேவி காபியோடு உள்ளே வந்து நின்றாள்.

“அத்தை, அதத் திருப்பிக் கொண்டாந்துட்டாருங்க. மயானத்துல வெக்கறதுக்கு அவருக்குக் கை வருலையாம்.”

 தமிழ்ச்செல்வி எழுந்து பின்பக்க ஜன்னலின் கதவைத் தள்ளினாள்.

துவைக்கிற கல்லின்மேல் சாக்குக் கட்டோடு மரத்தை வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் நேரம் தவிர, அத்தனை வருடத்தில் அது வெட்டவெளியில் நிற்பது அன்றுதான். கால் கழுவுகிறவர்கள் தெறித்த தண்ணீரில் சாக்கு நனைந்து, செம்மண் கரைந்து கல்லிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. குளித்தவர்களில் யாரோ, கை ஒழியட்டும் என்று, தன் ஈரத்துண்டைப் பிழிந்து அதன்மேல் போட்டிருந்தார். துண்டின் பாரத்தில் ஒரு பக்கத்துக் கிளை முழுக்க வளைந்து கல்லைத் தொட்டது.

ஸ்ரீதேவியும் அதைப் பார்த்துவிட்டாள். பதறிக்கொண்டு, “எடுத்துட்டு வரட்டுங்களா அத்தை?” என்று கேட்டாள்.

தமிழ்ச்செல்வி காபி டம்ளரை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தாள்.

“யாருதுன்னு கேட்டுட்டு எடு” என்றாள்.

ஸ்ரீதேவி பின்வாசலுக்குப் போய்க் கேட்பது கேட்டது. குழாயைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நவநீதன் ஈரத்தலையோடு தரையைப் பார்த்தபடி நின்றான். தன்னுடையது என்று யாரும் சொல்லவில்லை.